சவர்க் கிணற்றுத் தக்காளி

என் வளவில் காய்க்கும் தக்காளியை யாராவது வாயில் போட்டுக்கொண்டு "என்ன ருசி!" என்று சொல்லும்போது சிரித்துத் தலையாட்டுகிறேன். உள்ளே ஏதோ நெருடுகிறது. பாராட்டுக்குக் கூசுவது வேறு, இது வேறு. சொல்பவர் பொய் சொல்லவில்லை. தம்புள்ளையிலிருந்து லொறியில் வந்து இறங்கும் பழத்தைவிட இது இனிப்புத்தான், புளிப்பும் அதே அளவுக்குத் தூக்கலாக இருக்கும். வெறும் வாயில் கடித்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் நெருடல். மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் இந்த மணல் நிலத்தில், கிணற்றில் ஊறும் தண்ணீரில் ஒரு மெல்லிய சவர் இருக்கிறது. குடித்துப் பார்த்தால் நாக்கின் ஓரத்தில் சற்றுத் தங்கும், அவ்வளவுதான். மாரியில் அதுவும் தெரியாது. பங்குனிக்குப் பிறகு தேநீர் போட்டால் தெரியும். அந்தச் சவர்தான் தக்காளியை இனிக்கவைக்கிறது. தண்ணீர் போதாமல் செடி தவித்ததைத்தான் நாக்கு ருசி என்று எடுத்துக்கொள்கிறது. இது தெரிந்தபின் பாராட்டை முழுதாக வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, "இல்லை, அப்படிச் சொல்லாதீர்கள்" என்று மறுக்கவும் வாய் வரவில்லை. மறுத்தால் தன்னடக்கம் என்று நினைப்பார்கள்.

தை பிறந்து மழை விட்டதும் நாற்றைப் பிடுங்கி நடுவது இங்கே வழக்கம். அதற்கு முன்னால் வைத்தால் மார்கழி வெள்ளத்தில் வேர் அழுகும். பிந்தினால் பூக்கும் நேரத்தில் வெக்கை வந்து சேர்ந்துவிடும். தக்காளி பகல் வெயிலைக்கூட ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஆனால் இரவு குளிரவேண்டும். இரவிலும் 24 பாகைக்குக் கீழே இறங்காத நாட்கள் தொடர்ந்து வந்தால் மகரந்தம் வீணாகிப் பூ காம்போடு உதிரும். காலையில் செடிக்கடியில் மஞ்சள் பூக்கள் வாடாமல் அப்படியே விழுந்து கிடப்பதைப் பார்க்கலாம். ஆகையால் எங்களுக்குக் கிடைப்பது மாரிக்கும் கச்சானுக்கும் இடையிலுள்ள ஒரு குறுகிய காலம். தென்மேற்கிலிருந்து காய்ந்த கச்சான் காற்று வீசத் தொடங்கினால் இலை ஓரம் கருகும், பழமும் சிவக்காமல் செம்மஞ்சளிலேயே நின்றுவிடும். 30 பாகைக்கு மேல் போனால் சிவப்பைத் தரும் நிறப்பொருள் பழத்தில் உண்டாவது தடைப்படுகிறது, மஞ்சள் நிறப்பொருள் மட்டும் உண்டாகிக்கொண்டிருக்கிறது. சிவக்கவில்லையே என்று காத்திருப்பவர் பழத்தை அணிலுக்குக் கொடுப்பார். காலையில் கருவண்டு ஒன்று வந்து பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். அந்த அதிர்வில்தான் தக்காளியின் மகரந்தக் குழல் நுனி வழியே பொடியைக் கொட்டுகிறது. தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வண்டு வராத நாளில் காற்றோ, பந்தலைத் தட்டும் கையோ அந்த வேலையைச் செய்யவேண்டும். பக்கக் கிளை கிள்ளிவிட்டுக் கையைப் பார்த்தால் விரலெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பிசுபிசுக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் நுரை மஞ்சளாக ஓடும், வாசனை மட்டும் மத்தியானச் சோறுவரை கையில் நிற்கும். இந்த வாசனைக்காகவே தக்காளி வளர்க்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பழம் அதற்குப் பிறகுதான்.

பழத்தைப் பற்றிச் சொல்லவேண்டுமானால், அது சிறியது. விதைக் கடையில் கொடுக்கும்போது சொன்ன அளவில் பாதிதான். தோல் தடிப்பு, பல்லில் இழுபடும். வெட்டினால் தண்ணீர் பலகையில் ஓடாது, விதையைச் சுற்றிய கூழ் கெட்டியாக அசையாமல் இருக்கும். குலையில் சில காய்களுக்குப் பூ இருந்த அடிப்பக்கம் கறுத்துத் தட்டையாகி, தோல் உலர்ந்து போயிருக்கும். பூச்சி என்று நினைத்து மருந்தடிக்கிறவர்கள் உண்டு. அது பூச்சியில்லை. சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு சேர்ந்துதான் காயின் நுனிக்குப் போகவேண்டும், தண்ணீர் போகாதபோது அந்த நுனிதான் முதலில் பட்டினி கிடக்கிறது. இனிப்பும் இந்தக் கறுப்பும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள் என்பதைத்தான் பாராட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தோன்றும். கறுத்த காய்களைப் பாராட்டுக்கு முன்பே பிடுங்கி எருக்குழியில் போட்டுவிடுகிறோம். மேசைக்கு வருவது தப்பியது மட்டும்.

வேரைச் சுற்றியுள்ள நீரில் உப்பு கூடும்போது அந்த நீரை உறிஞ்சி எடுக்கச் செடிக்கு அதிக பலம் தேவைப்படுகிறது. நீர் இருந்தும் கிடைக்காத நிலை. காய்க்குள் குறைவாகவே நீர் போகிறது, இலை சமைத்து அனுப்பும் சர்க்கரை அந்தக் குறைந்த நீரில் செறிகிறது. சாதாரணத் தக்காளிச் சாற்றில் கரைந்திருக்கும் பொருள் நூற்றுக்கு நாலு, ஐந்து. உப்பு நீரில் வளர்ந்ததில் எட்டுக்கு மேலும் போகலாம். மண்ணீரின் உப்பை அளக்கும் கணக்கில் மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸ் வரை தக்காளியின் விளைச்சல் குறையாது, அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விடும். கடல்நீரின் அளவு 50. அந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் எங்கள் கிணறுகள் இருக்கின்றன, நல்லவேளையாகக் கீழ் எண்ணுக்குக் கிட்ட. இனிப்பு இலவசமாக வருவதில்லை. நிறையை விற்று வாங்கியது அது. ஒரு வாளிப் பழத்துக்குப் பதிலாக அரை வாளிப் பழம், ஆனால் ருசியான அரை வாளி. இதைக் கேட்டு "பரவாயில்லையே" என்று சொல்பவர் பெரும்பாலும் பசியில்லாதவர்.

இதைப் படிக்கப்போய் ஜப்பானைப் பற்றித் தெரிந்துகொண்டேன், அதிலிருந்துதான் நெருடல் கூடியது. ஷிகோக்குத் தீவின் கோச்சி நகரத்தில் டொகுதானி என்று ஒரு இடம். 1970 ஆகஸ்டில் வந்த சூறாவளியில் கரை உடைந்து கடல் வயல்களுக்குள் புகுந்தது. உப்பு மண்ணிலேயே தங்கிவிட்டது. அடுத்து வைத்த தக்காளி சிறியதாக, ஆனால் முன்பு யாரும் அறியாத இனிப்போடு காய்த்தது. இன்று அது பெயர்பெற்ற தக்காளி, பழக்கடையில் தனிப் பெட்டியில் விலைக்கு இருக்கிறது. கியூஷூத் தீவில் யட்சுஷிரோ கரையில் கடலிலிருந்து மீட்ட நிலத்தில் விளைவதை உப்புத் தக்காளி என்றே விற்கிறார்கள். கடல் வந்து அழித்த நிலம் அழிவையே முத்திரையாகக் குத்திக்கொண்டு சந்தைக்குப் போயிருக்கிறது. முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, எங்களுக்கும் இப்படி ஒன்று கைகூடாதா என்ற எண்ணமும் வந்தது. பிறகு 2005 நினைவுக்கு வந்தது.

2004 டிசம்பர் 26 அன்று நாவலடியிலும் டச்பாரிலும் கல்லடியிலும் கடல் வளவுகளுக்குள் வந்து போனது. போகும்போது எடுத்துப் போனதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. விட்டுப் போனது கிணறுகளுக்குள் உப்பு. இந்த மணல் நிலத்தின் நல்ல தண்ணீர் என்பது உண்மையில் மழைத் தண்ணீர்தான். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் மணலுக்குள் இறங்கிய மழை, கீழேயிருக்கும் கனமான உப்புநீரின் மேல் கலக்காமல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு முழம் உயர்ந்திருந்தால் அதன் கீழே நாற்பது முழம் நன்னீர் இருக்கும் என்று கீபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் சொன்ன கணக்கு உண்டு. அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் பயம் வரும். மேலே ஒரு சாண் இறைத்துக் குறைத்தால் காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு நாற்பது சாண் மேலேறும் என்று அர்த்தம். கடல்கோளுக்குப் பிறகு வந்த உதவிக்காரர்கள் நல்லெண்ணத்தோடு பம்பிகளைப் போட்டுக் கிணறுகளை இறைத்தார்கள். இறைக்க இறைக்கச் சில கிணறுகளில் உப்புக் கூடியது. பிறகு நீரியல் அறிந்தவர்கள் வந்து மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளை அளந்து, அதிகம் இறைக்காதீர்கள், மழைக்கு விடுங்கள் என்று சொல்லவேண்டி வந்தது. கிணறுகளைத் திருத்தியது பெரும்பாலும் அடுத்தடுத்து வந்த மாரிகள்தான். அந்தக் காலத்தில் யாரும் இங்கே இனிப்புத் தக்காளி விற்கவில்லை. வெண்டிக்காய்கூட வரவில்லை, தென்னையே மட்டை தொங்கி நின்றது. டொகுதானிக்காரர்களிடம் உப்பு மண்ணுக்கு மேலே ஊற்ற நல்ல தண்ணீர் வேறு இருந்தது. தண்ணீரை அளந்து உப்பைக் கட்டுப்படுத்துவது அவர்கள் கையில் இருந்தது. தான் அளந்து கொடுக்கும் உப்பும் தன்னைக் கேளாமல் ஏறிவரும் உப்பும் நாக்குக்கு ஒன்றாகத் தெரியலாம். செடி வைத்தவனுக்கு ஒன்றல்ல.

இந்த இடத்தில் வேறொரு நினைப்பு குறுக்கே வருகிறது. அதைத் தள்ளிவிடப் பார்த்தும் முடியவில்லை. எங்கள் ஊரையும் எங்கள் எழுத்தையும் பற்றி வெளியிலிருந்து வரும் பாராட்டும் இதே சாயலில்தான் இருக்கிறது. கிழக்கிலிருந்து ஒரு கவிதைத் தொகுதி வந்தால், எவ்வளவு செறிவு, எவ்வளவு அடர்த்தி என்று மதிப்புரை வரும். அத்தனையையும் தாங்கிக்கொண்டு சிரிக்கிறார்களே என்று கருத்தரங்கில் பேசுவார்கள். மீன் பாடும் தேனாடு என்று நாங்களே பலகை எழுதி வைத்திருக்கிறோம். வாவிக்குள் மீனும் பாடவேண்டும், நாடும் தேனாக இருக்கவேண்டும். 1978 நவம்பர் சூறாவளி, 1990 படுகொலைகள், கடல்கோள், பிறகும் நீடித்த சோதனைச் சாவடிகள் என்று எதைச் சொன்னாலும் முடிவில் "ஆனாலும் பாருங்கள்" என்று ஒரு இனிப்பை எதிர்பார்க்கிறது கேட்பவரின் முகம். செறிவு என்றால் நீர் குறைவு என்பதுதானே? எழுதாமல் போனவர்களும், எழுதத் தொடங்கிப் பாதியில் நுனி கறுத்து நின்றவர்களும் எருக்குழிக்குப் போனபின் தப்பி வந்த நாலைந்து பேரைத் தட்டில் வைத்து, இந்த மண்ணின் ருசியே தனி என்றால் அது எப்படி நியாயமாகும்? வளமான தண்ணீர் கிடைத்திருந்தால் இவர்கள் சாதாரணமாகப் பத்து மடங்கு எழுதியிருப்பார்கள், சிலது சப்பென்றும் இருந்திருக்கும். சப்பென்று எழுதும் உரிமை பெரிய உரிமை. அது எங்களுக்கு வாய்க்கவில்லை.

ஆனால் செடியைக் காட்டி மனிதரைச் சொல்வது எனக்கே முழுதாகச் சம்மதமில்லை. தக்காளிக்குத் துக்கம் கிடையாது. நான் மேலே தவிப்பு, பட்டினி என்று எழுதியதெல்லாம் நானாக ஏற்றிச் சொன்னது. தக்காளி இந்த மண்ணுக்கு உரியதுமில்லை. அந்தீஸ் மலைச்சரிவில் பிறந்து, மெக்சிக்கோவில் பயிராகி, கப்பலேறி வந்தது. இங்கே அது மணலையும் சவரையும் புழுக்கத்தையும் சந்திப்பது யாருடைய கொடுமையாலும் அல்ல, நான் கொண்டுவந்து நட்டதால். அதன் சொந்தக்காரச் செடி ஒன்று கலாபகோஸ் தீவுகளில் அலை தெறிக்கும் தூரத்தில் பாறை இடுக்கில் வளர்கிறது. அமெரிக்கத் தாவரவியலாளர் சார்ள்ஸ் ரிக் அதன் விதைகளைக் கொண்டுவந்து முளைக்கவைக்கப் பார்த்தார், முளைக்கவில்லை. அந்தத் தீவுகளின் பெரிய ஆமைக்குத் தின்னக் கொடுத்து, அதன் வயிற்றில் நாட்கணக்கில் கிடந்து வெளியே வந்தபின் முளைத்தது. 1961இல் அதைப் பற்றி எழுதினார். கடல் உப்பு அந்தச் செடிக்குப் பிரச்சினையே இல்லை. அங்கே அது தாங்கிக்கொண்டு நிற்கவில்லை, வெறுமனே இருக்கிறது. தாங்குகிறாய் என்று அதைப் பாராட்ட ஆளில்லை. உப்பைக் குடித்துப் பழகியவர்கள் என்று எங்களைப் பற்றிச் சொல்பவர்கள் எங்களை அந்தச் செடி என்று நினைக்கிறார்கள்போல. நாங்கள் அதுவல்ல, நாற்றுமேடையிலிருந்து வந்தவர்கள், நல்ல தண்ணீருக்கு ஏங்குகிறவர்கள். மறுபடியும் உவமைக்குள் போய்விட்டேன். இது விட மறுக்கிறது.

உவமையை விடவைத்தது பக்கத்து வளவு மாமிதான். ஒரு சருவச்சட்டி நிறையப் பழம் கொண்டுபோய்க் கொடுத்து, சாப்பிட்டுப் பாருங்க மாமி, இனிக்குது என்றேன். ஒன்றை விரலால் அமுக்கிப் பார்த்தார். "இனிச்சா என்னத்துக்கு மனே? சொதிக்குத் தண்ணி விடணும். இது தோலும் விதையுமாக் கிடக்கு. பத்துப் போட்டாலும் சட்டி நிறையாது" என்றார். அவர் சமையலில் தக்காளியின் வேலை வேறு. தேங்காய்ப் பாலில் வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் வெந்தபின் தக்காளி கரைந்து அதற்கு உடம்பு கொடுக்கவேண்டும், மீதிப் புளிப்பைத் தேசிக்காய் பார்த்துக்கொள்ளும். மீன் ஆணத்துக்குப் பழப்புளி இருக்கிறது. தக்காளியைக் கடித்துத் தின்று கண்ணை மூடிக்கொள்ளும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ருசி என்று நான் தலையில் தூக்கிவைத்த விஷயம் சட்டிக்கு வெளியில் நின்ற ஒரு விருந்தாளியின் ருசி. ஆறு பேர் சாப்பிடும் வீட்டில் அளவு முதலில், ருசி பிறகு. என் நெருடலுக்கு நான் படித்த எதிலும் கிடைக்காத பதில் அந்த ஒரு அமுக்கலில் இருந்தது. இருந்தும் அவர் அந்தச் சட்டியைத் திருப்பித் தரவில்லை. மறுநாள் காலையில் வெறுஞ்சட்டி வேலிக்கு மேலால் வந்தது, உள்ளே முருங்கையிலை.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சவர், இனிப்பு என்ற இந்தச் சங்கதியே கிடையாது. ஐம்பத்தாறு கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இந்த நீரின் அந்தப் பக்கம் களி கலந்த மண், குளத்து நீர், மாட்டெரு. கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வரும் பழம் பெரியது, கையில் கனக்கும், வெட்டினால் சாறு முழங்கைவரை ஓடும். ருசியில் எங்கள் பக்கத்துப் பழத்துக்குக் கிட்ட வராது என்று எழுவான்கரைக்காரர் சொல்வோம். அதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு. அவர்களுக்கு வேறு தொல்லை. பச்சையாக நிற்கும் செடி ஒரே நாளில் தலை சாய்ந்துவிடும், தண்டை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் நீரில் நிறுத்தினால் பால் நூலாக இறங்கும். மண்ணில் வாழும் பக்டீரியா அது. கத்தரி வேரில் தக்காளியை ஒட்டி நட்டால் அதையும் தாங்கும், வெள்ளம் நின்றாலும் தாங்கும். இங்கே களுதாவளை, தேற்றாத்தீவுக்காரர்கள் மணலிலேயே வெற்றிலையும் கொச்சிக்காயும் கத்தரியும் வைத்துப் பிழைத்தவர்கள். மணலைக் குறை சொல்பவர் அந்தப் பக்கம் ஒருமுறை போய்வரலாம். அவர்களுடைய வித்தையெல்லாம் குழையும் எருவும் போட்டு மணலை ஈரம் பிடிக்கவைப்பதிலும், கொஞ்சங் கொஞ்சமாகத் தண்ணீர் விடுவதிலும் இருக்கிறது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்தபோதும், 2022 ஜூனில் பொருளாதார நெருக்கடிக்குள் வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தபோதும் திடீரென்று எல்லா வளவிலும் தக்காளி முளைத்தது. கஷ்டத்திலிருந்து நல்லது பிறக்கிறது என்று அப்போதும் சொன்னார்கள். சாணும் முழமும் அளந்து பாத்தி கட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோல் வரிசை ஓய்ந்ததும் விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நெருக்கடி தீர்ந்தபின் கடையில் வாங்கித் தின்பது ஆரோக்கியமான மனிதன் செய்கிற காரியம்.

அந்த ஆண்டு தங்கிவிட்ட ஒன்றுதான் எனக்குக் கவலை. தோட்டம் போனாலும் அதற்கென்று கிணற்றில் பூட்டிய மோட்டர் போகவில்லை. குடிக்கவும் சமைக்கவும் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வந்தபிறகு கிணற்றை யாரும் ருசி பார்ப்பதில்லை, ஆகவே அது எவ்வளவு சவராகிறது என்று கவனிக்க ஆளுமில்லை. துலாவாலும் வாளியாலும் அள்ளிய காலத்தில் கை வலிக்கும்போது கிணறு தப்பியது. மோட்டருக்குக் கை வலிப்பதில்லை. கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடிவரை உள்ளவர்களிடம் கேட்க விரும்புவது இதுதான்: சித்திரைக்குப் பிறகு பூக்கன்றுக்கும் முற்றத்துக்கும் மோட்டர் போட்டுத் தண்ணீர் அடிக்காதீர்கள். கிணற்றை அடிவரை இறைத்துச் சுத்தம் செய்வதானால் மாரி நடுவில் செய்யுங்கள். கூரைத் தண்ணீரைப் பிடிக்க இரண்டு பீப்பா வையுங்கள். மார்கழியில் பிடித்தது தை கடைசியில் பூ பிடிக்கும் நாட்களுக்குப் போதும், செடிக்கு உப்பில்லாத தண்ணீர் வேண்டிய காலம் அது. செடியடியில் வைக்கோலோ காய்ந்த ஆற்றுவாழையோ பரப்புங்கள், ஆற்றுவாழையை மழை ஒருமுறை கழுவிய பிறகு எடுங்கள். மழைத் தண்ணீரில் காய்த்த பழம் பெரிதாகவும் கொஞ்சம் சப்பென்றும் இருக்கும். சொதிக்கு நல்லது.